அகலம் தரும் தொல்லை: பெரிய தாள் நகல் இயந்திரங்கள் குறித்து வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தாள் அளவுகளைப் பற்றி எழுதியபோது, ஏ0 தாள் 841 மில்லிமீட்டர் அகலமும் 1189 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது, அதன் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்று குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்த பலர், அவ்வளவு பெரிய தாளை நகலெடுக்கவும் அச்சிடவும் செய்கிற இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். மென்பொருளையும் வண்ணத்தையும் பற்றிய கடிதங்களை வேறொரு சமயத்துக்கு ஒதுக்கிவிட்டு, உருளை, பெல்ட், மோட்டார், கத்தி ஆகியவற்றைப் பற்றிய கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (கட்டடக்கலை மாணவி): எங்கள் துறையில் உள்ள ஏ3 நகல் இயந்திரத்தை இரண்டு பேர் சேர்ந்து நகர்த்திவிடுகிறோம். பக்கத்து அறையில் இருக்கும் ஏ0 இயந்திரத்தை நான்கு பேராலும் அசைக்க முடியவில்லை. அகலம் மூன்று மடங்குதானே கூடியிருக்கிறது? எடை மட்டும் ஏன் இப்படி ஏறிவிடுகிறது?

பதில்: அகலம் மூன்று மடங்கு என்று நீங்கள் போட்ட கணக்கு ஏறத்தாழச் சரி. ஏ3 இயந்திரத்தில் தாள் 297 மில்லிமீட்டர் அகலத்தில் ஓடுகிறது, ஏ0 இயந்திரத்தில் 841 மில்லிமீட்டர் அகலத்தில் ஓடுகிறது, விகிதம் 2.83. ஆனால் இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஓர் உருளையின் மீது, நீளத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரே அளவான சுமை இருக்குமானால், அதன் நடுப்பகுதி வளையும் அளவு நீளத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றிக் கூடும். 2.83-ஐ நான்கு முறை பெருக்கினால் 64 வரும். ஏ3 இயந்திரத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வளைந்து யார் கண்ணுக்கும் தெரியாமல் போன உருளை, அதே பருமனில் ஏ0 அகலத்துக்கு நீட்டப்பட்டால் அரை மில்லிமீட்டருக்கும் மேலாக வளையும். டோனர், அதாவது சூட்டில் உருகித் தாளில் ஒட்டும் மைத்தூள், அதன் துகளின் குறுக்களவு சுமார் 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அல்லது அதற்கும் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால், அரை மில்லிமீட்டர் இடைவெளி எவ்வளவு பெரிய பள்ளம் என்பது விளங்கும். தாளின் இரு ஓரங்களிலும் டோனர் நன்றாக உருகி ஒட்டியிருக்கும். நடுவில் விரலால் தேய்த்தால் உதிரும்.

இந்த வளைவைப் பழைய அளவுக்கே இறக்க வேண்டுமானால் உருளையின் விட்டத்தையும் 2.83 மடங்கு ஆக்க வேண்டும், ஏனெனில் விறைப்பும் விட்டத்தின் நான்காம் அடுக்கில்தான் கூடுகிறது. நீளமும் விட்டமும் அப்படிக் கூடும்போது ஒரு கெட்டி உருளையின் எடை 22 மடங்குக்கு மேல் போய்விடுகிறது. நீங்கள் தள்ளிப் பார்த்து அசையாத எடை இதுதான்; உருளைகளைத் தாங்குகிற பக்கச் சட்டங்களும் அதற்கு ஈடாகக் கனக்க வேண்டியிருக்கிறது.

பொறியாளர்கள் இந்த எடையை முழுவதுமாக ஏற்றுக்கொள்வதில்லை. கெட்டித் தண்டுக்குப் பதிலாகக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். உருளை நடுவில் வளையத்தான் போகிறது என்று தெரிந்தால், அழுத்தும் உருளையின் நடுப்பகுதியைச் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பருமனாக, பீப்பாய் வடிவில் கடைந்து விடுகிறார்கள். சுமை ஏறியதும் அது வளைந்து, உருளைகள் ஒன்றையொன்று தொடும் கோடு நேராகிவிடும். இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு. சூடாக்கும் பகுதியில் சில உருளைகளின் இரு முனைகளும் நடுப்பகுதியைவிட மிகச் சிறிதளவு பருத்திருக்கும். முனைகள் தாளைச் சற்று வேகமாக இழுப்பதால், தாள் இரு பக்கமும் விரிக்கப்பட்டுச் சுருக்கம் விழாமல் போகும். ஒரே இயந்திரத்துக்குள் ஓர் உருளை பீப்பாயாகவும் இன்னொன்று உடுக்கையாகவும் இருக்கக் காரணம் இதுவே. பழைய உருளையைக் கழற்றிவிட்டுப் பட்டறையில் ‘நேராக’ ஒன்றைக் கடைந்து மாட்டியவர்கள் பிறகு சுருக்கத் தாளோடு திண்டாடியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த உருளை நேராக இல்லாதது பிழையன்று. அதற்காகத்தான் காசு வாங்கியிருக்கிறார்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற வரைவாளர்): நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கண்ணெரியும் அம்மோனியா வாடையோடுதான் வரைபட நகல் எடுத்தோம். அந்த நகலில் அளவு மாறியதாக எனக்கு நினைவில்லை. இவ்வளவு முன்னேறிய பிறகும் இப்போதைய இயந்திரங்களில் அளவுத் தொல்லை எப்படி வந்தது?

பதில்: உங்கள் நினைவு சரியானது; அதற்குக் காரணமும் உண்டு. அம்மோனியா இயந்திரத்தில் ஒளி ஊடுருவும் மூல வரைபடமும் ரசாயனம் பூசிய தாளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பெல்ட்டுகளால் அழுத்தப்பட்டு, உள்ளே விளக்கு எரியும் ஒரு கண்ணாடி உருளையைச் சுற்றிவந்தன. இரண்டும் உடலோடு உடல் ஒட்டி நகர்ந்ததால், மோட்டார் சற்று வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் கோட்டின் நிறம்தான் அடர்ந்தோ வெளுத்தோ போகும்; அதன் நீளம் மாறாது. அதற்கு முந்திய புளூபிரிண்ட் முறையும் இவ்வாறு தொட்டு எடுக்கும் முறைதான். ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டறிந்த அந்த முறையில் தாளை நீரில் அலசி உலர்த்த வேண்டியிருந்ததால், உலரும்போது தாள் சீரின்றிச் சுருங்கி அளவு கெட்டது. அம்மோனியா ஆவி தாளை நனைக்காமலே கோட்டை வெளிக்கொண்டு வந்ததால் அந்தக் குறையும் நீங்கியது. வாடையை மன்னித்துவிட்டுப் பார்த்தால், இயந்திரவியல் நோக்கில் அது மிகவும் அடக்கமான, நேர்மையான கருவி.

செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22-ல் நியூயார்க்கின் ஆஸ்டோரியா பகுதியில் மின்னேற்றமும் உலர்ந்த தூளும் கொண்டு முதல் நகலை எடுத்தார். 1959-ல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 அந்த முறையை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது. 9 அங்குலத்துக்கு 14 அங்குலம் வரையான தாளை நகலெடுக்கும் என்பதே அப்பெயரின் பொருள். இந்த முறையை வரைபட அகலத்துக்குக் கொண்டுபோனபோது, ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடி மேசையில் வரைபடத்தை விரித்து அதன் கீழே விளக்கையும் லென்ஸையும் ஓடவிடுவது இடத்தையும் எடையையும் பெருக்கியது. ஆகவே விளக்கை நிலையாக வைத்து, மூல வரைபடத்தை உருளைகளுக்கிடையே ஓடவிட்டார்கள். அந்த நொடியிலிருந்து, மூலம் ஓடும் வேகமும், படம் உருவாகும் டிரம் (உருளை) சுழலும் வேகமும் மிகத் துல்லியமாக ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் வந்தது. பழைய இயந்திரத்தில் நிறத்தில் தெரிந்த வேகப் பிழை, புதியதில் நீளத்தில் தெரியத் தொடங்கியது.

கேள்வி (நில அளவையாளர்): ஒரு மீட்டர் நீளமாக இருக்க வேண்டிய கோடு நகலில் 998.8 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. இயந்திரத்தின் குற்றமா, தாளின் குற்றமா?

பதில்: 1:1000 அளவில் வரைந்த நிலப்படமாக இருந்தால் உங்கள் 1.2 மில்லிமீட்டர் தரையில் 1.2 மீட்டர், சண்டை வருவதற்குப் போதுமான அளவு. குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பக்கத்துக்கு 500 மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுரத்தை அச்சிட்டு, எஃகு அளவுகோலால் இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள்.

தாளின் குறுக்குத் திசையில் புள்ளிகளின் இடைவெளியை எல்இடி விளக்கு வரிசையோ மைத்துளை வரிசையோ, ஓடும் அச்சுத்தலையாக இருந்தால் அதன் பாதையில் கட்டியிருக்கும் அளவுப் பட்டையோ தீர்மானிக்கிறது. அது தேய்வதோ வழுக்குவதோ இல்லை. ஆகவே குறுக்கில் அளவு கெட்டிருந்தால் முதலில் தாளைச் சந்தேகியுங்கள். காகிதத்தின் நார்கள் சுருள் ஓடும் திசையில் படிந்திருப்பதாலும், நார் ஈரத்தை உறிஞ்சும்போது நீளத்தைவிடப் பருமனிலேயே அதிகம் உப்புவதாலும், குறுக்குத் திசையில்தான் தாள் கூடுதலாக விரிந்து சுருங்கும். டோனர் இயந்திரத்தின் சூட்டில் ஈரம் போய்ச் சுருங்கிய தாள், வெளியே வந்து காற்றின் ஈரத்தை வாங்கி மெல்ல மீள்கிறது. எனவே சூடாக அளந்ததும் ஆறிய பிறகு அளந்ததும் ஒன்றாக இராது.

ஓட்டத் திசையில் மட்டும் அளவு கெட்டிருந்தால் உருளையைப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை 0.04 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் அதுவே 0.1 விழுக்காடு, ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் போய்விடும். ஒரு தலைமயிரின் பருமனைவிடக் குறைவான தேய்மானம் அது! ரப்பர் உருளையாக இருந்தால் அழுத்தத்தில் அமுங்கும் அளவும், அதன்மேல் படியும் காகிதத் தூசும் கணக்கில் சேரும். பெரும்பாலான இயந்திரங்களில் ஓட்டத் திசைக்கெனத் திருத்தும் அமைப்பு இருக்கிறது. அளந்த நீளத்தை அதில் கொடுத்துவிட்டால் மோட்டாரின் சுழற்சி அதற்கேற்ப மாற்றிக்கொள்ளப்படும். துல்லியமே உயிர் என்னும் படங்களுக்குக் காகிதத்தை விட்டுவிட்டுப் பாலியெஸ்டர் படலத்தில் அச்சிடுங்கள்; ஈரம் அதை அவ்வளவாகப் பாதிக்காது. எந்தப் படத்திலும் அளவுகோல் பட்டை ஒன்றை வரைந்துவிடுவது நல்லது, ஏனெனில் தாள் சுருங்கும்போது அந்தப் பட்டையும் உடன் சுருங்கும்.

கேள்வி (பொறியியல் ஆசிரியர்): பேனாவால் படம் வரையும் பழைய பிளாட்டர் இயந்திரத்தில் தாள் முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான முறை ஓடியும், தொடங்கிய இடத்துக்கே பேனா சரியாக வந்து சேர்ந்தது எப்படி?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியைத் தொடங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது. 1959-ல் வந்த கால்காம்ப் 565 பிளாட்டரில் தாளைச் சுமந்து சுழலும் டிரம்மின் இரு ஓரங்களிலும் பற்கள் இருந்தன. தாளின் ஓரத்துத் துளைகளில் அவை பொருந்தித் தாளை இழுத்தன. அடி அடியாக, ஓர் அடிக்கு நூறில் ஒரு அங்குலம் என்று அது நகர்ந்தது. தாளில் துளை வேண்டும் என்பதும், துளையின் விளிம்பு நைந்தால் துல்லியம் போய்விடும் என்பதும் அதன் குறைகள். இன்னொரு வகையில், தாள் ஒரு பெரிய மேசையில் அசையாமல் கிடக்க, கனமான பாலம் ஒன்று அதன்மேல் ஓடியது. கனமான பொருளை விரைவாக ஓட்டவும் முடியாது, சட்டென்று நிறுத்தவும் முடியாது.

1981-ல் எச்.பி. 7580 பிளாட்டர் வேறு வழியைக் காட்டியது. தாளின் இரு ஓரங்களிலும், சொரசொரப்பான துகள் பதித்த சிறு சக்கரம் கீழேயும், அழுத்தும் உருளை மேலேயும் இருந்தன. முதல் முறை தாள் ஓடும்போது அந்தத் துகள்கள் தாளின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகளைப் பதித்துவிடும். அடுத்தடுத்த முறை ஓடும்போது அதே துகள்கள் அதே குழிகளில் வந்து அமரும். தாள் தனக்குத் தேவையான பற்களைத் தானே செய்துகொண்டு பற்சக்கரம் போல ஓடியது என்று சொல்லலாம். நகரும் எடை ஒரு பேனாவும் ஒரு தாளும் மட்டுமே என்றானதால் வேகமும் கூடியது. வரைபட இயந்திரங்களில் இதைவிட அழகான யோசனையை நான் கண்டதில்லை. பேனா போய் மைத்தெளிப்பு வந்த பிறகும், சுருள் தாளை இழுக்கும் பல இயந்திரங்களிலும், ஒட்டுத்தாள் வெட்டும் இயந்திரங்களிலும் அந்தச் சொரசொரப்பு உருளை இன்றும் வாழ்கிறது.

கேள்வி (வரைபட நகலகம் நடத்துபவர்): மைத்தெளிப்பு இயந்திரத்தில் அடர்நிறம் அச்சிடும்போது குறுக்கே வெள்ளைக் கோடுகளோ கருங்கோடுகளோ விழுகின்றன. அச்சுத்தலையைச் சுத்தம் செய்தும் போகவில்லை.

பதில்: அடைத்த துளையால் வரும் கோட்டுக்கும் தாள் நகர்வுப் பிழையால் வரும் கோட்டுக்கும் வேறுபாடு உண்டு. அச்சுத்தலை குறுக்கே ஓடி ஒரு பட்டையை அச்சிட்டதும் தாள் ஒரு பட்டை அகலம் முன்னேறுகிறது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் இரு புள்ளிகளுக்கிடையே 42 மைக்ரான். ஓர் அங்குல முன்னேற்றத்தில் 0.1 விழுக்காடு பிழை இருந்தாலே 25 மைக்ரான், அதாவது பாதிப் புள்ளிக்கும் மேலே விலகல். தாள் கூடுதலாக முன்னேறினால் பட்டைகளுக்கிடையே வெள்ளைக் கோடு. குறைவாக முன்னேறினால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கருங்கோடு.

உங்கள் கோடுகள் எல்லாப் பட்டைகளிலும் ஒரே மாதிரி விழுகின்றனவா, அல்லது குறிப்பிட்ட இடைவெளியில் தோன்றி மறைகின்றனவா என்று பாருங்கள். ஒரே மாதிரி என்றால் முன்னேற்ற அளவைத் திருத்தினாலே போதும். தோன்றி மறைந்தால், அந்த இடைவெளியை அளந்து 3.14-ஆல் வகுங்கள், கிடைப்பது குற்றவாளி உருளையின் விட்டம். 157 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கோடு வருகிறதென்றால் 50 மில்லிமீட்டர் உருளை மையம் விலகிச் சுழல்கிறது அல்லது அதில் ஏதோ ஒட்டியிருக்கிறது. டோனர் இயந்திரத்தில் திரும்பத் திரும்ப வரும் கறைக்கும் இதே கணக்குப் பொருந்தும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லாத நோயறியும் முறை இது.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு, அது பலருக்குத் தோன்றுவதில்லை. 914 மில்லிமீட்டர் அகலமும் 150 மீட்டர் நீளமும் உள்ள, சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சுருள் சுமார் 11 கிலோ இருக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் அந்த 11 கிலோவைச் சுழலவிட்டு நிறுத்த வேண்டும். சுருள் புதிதாக இருக்கும்போது தாள் பின்னோக்கி இழுபடும் விசை வேறு, தீரும் நிலையில் வேறு. பழைய இயந்திரங்களில் ஒரு பிரேக் கட்டையே இந்த இழுவிசையைப் பார்த்துக்கொண்டது. பின்னர் சுருளின் தண்டுக்கென்று தனி மோட்டாரை வைத்து, சுருளின் விட்டத்துக்கேற்ப விசையை மாற்றினார்கள். அதற்கும் மேலே போய், சில இயந்திரங்களில் தாளின் அடிப்புறத்தைச் சிறு கேமரா ஒன்று அடிக்கடி படம் பிடித்து, நார்களின் அமைப்பைக் கொண்டு தாள் உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. உருளை எவ்வளவு சுழன்றது என்பதை நம்பாமல் தாளையே நேரில் பார்க்கும் இந்த ஏற்பாடு வந்தபின், உருளையின் பிழைகள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. அந்தக் கேமரா பார்க்கும் சிறு சன்னலில் தூசு படிந்தால் இயந்திரம் குழம்பும். உங்களுடையதில் அது இருந்தால் முதலில் அதைத் துடையுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): அச்சுத்தலை ஓடாமல் முழு அகலத்துக்கும் நிலையாக நிற்கும் இயந்திரம் உண்மையிலேயே மேலானதா?

பதில்: வேகத்தில் ஐயமில்லை. 2015-ல் எச்.பி. அறிமுகப்படுத்திய பேஜ்வைடு எக்ஸ்எல் வரிசையில் எட்டு அச்சுத்தலைகள் சேர்ந்து 40 அங்குல அகலத்தை ஒரே மூச்சில் அச்சிட்டன. அதன் வேகமான வகைக்கு நிமிடத்துக்கு 30 ஏ1 தாள் என்று சொல்லப்பட்டது. ஏ1 தாளின் 594 மில்லிமீட்டர் பக்கம் ஓட்டத் திசையில் இருப்பதாகக் கொண்டால், தாள் நொடிக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நிற்காமல் ஓடுகிறது. ஓடும் தலையுள்ள இயந்திரத்தில், ஓர் அங்குலப் பட்டையாக ஏ1-ஐ முடிக்கக் தலை குறைந்தது 24 முறை ஒரு மீட்டர் தூரம் குறுக்கே ஓட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைத்து, நின்று, மறுபடி வேகமெடுக்க வேண்டும். மெம்ஜெட் நிறுவனத்தின் தலை ஒன்றில் 222 மில்லிமீட்டருக்குள் 70,400 துளைகள் இருக்கின்றன. ஐந்து தலைகளை வரிசையாக வைத்து 42 அங்குலத்தை நிரப்பும் இயந்திரங்களில் மொத்தம் 3,52,000 துளைகள்.

ஆனால் தொல்லைகள் ஒழிந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கின்றன. ஓடும் தலையில் ஒரு துளை அடைத்தால், அடுத்த ஓட்டத்தில் வேறொரு துளை அந்த இடத்தை நிரப்பிவிடும். நிலையான தலையில் அந்தத் துளைக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. படத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வெள்ளை இழை ஓடும். அதனால்தான் கூடுதல் துளைகளை மாற்று ஆட்களாக வைத்திருக்கிறார்கள். தலைகளைத் துடைப்பதும் மூடி வைப்பதும் முன்பு ஓரத்தில் ஒரு சிறு நிலையத்தில் நடந்தது. இப்போது முழு அகலத்துக்கும் நடக்க வேண்டும். சில இயந்திரங்களில் தலைக்கு நேர் கீழே பல முகங்கள் கொண்ட ஒரு நீள உருளை இருக்கிறது. ஒரு முகம் தாளைத் தாங்கும், ஒன்று துடைக்கும், ஒன்று மூடும். வேலைக்கேற்ப அது திரும்பி நிற்கும்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் அலுமினியச் சட்டம் 10 பாகை செல்சியஸ் சூடேறினால் 0.23 மில்லிமீட்டர் நீளும். 600 புள்ளிக் கணக்கில் ஐந்து புள்ளிக்கு மேல். எட்டுத் தலைகளைப் பிடித்திருக்கும் சட்டம் இப்படி நீண்டால் தலைகள் சேரும் இடங்களில் இழைகள் தெரியும் என்பதால், சட்டத்தின் உலோகமும் மையின் வெப்பநிலையும் கவனத்தோடு தேர்ந்தெடுக்கப்படுகின்றன. நாள் முழுவதும் அடுக்கடுக்காகக் கட்டடப் படம் அச்சிடுகிறவருக்கு நிலையான தலை பொருந்தும். அவ்வப்போது சில படங்களை மட்டும், அவற்றிலும் தரமான நிறத்தில், அச்சிடுகிறவருக்கு ஓடும் தலையே என் பரிந்துரை.

கேள்வி (இயற்பியல் மாணவர்): சிறிய அச்சுப்பொறிகளில் லேசர் இருக்கிறது, பெரியவற்றில் எல்இடி வரிசையே இருப்பதாகப் படித்தேன். ஏன்?

பதில்: சுழலும் பலமுகக் கண்ணாடி லேசர்க் கதிரை இருபுறமும் 30 பாகை வீசுவதாக வைத்துக்கொண்டால், 914 மில்லிமீட்டர் அகலத்தை எட்ட அந்தக் கண்ணாடி டிரம்மிலிருந்து ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அந்தப் பாதையைக் கண்ணாடிகளால் மடக்கலாம். ஆனால் ஒவ்வொரு கண்ணாடியும் நீளமாக இருக்க வேண்டும், சிறிதும் அதிரக் கூடாது. ஓரங்களில் புள்ளி உருக்குலையாமல் காக்கப் பெரிய லென்ஸும் வேண்டும். எல்இடி வரிசையில் இந்தத் தூரமே இல்லை. 36 அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 600 வீதம் 21,600 சிறு விளக்குகள்; அவற்றின் முன்னே மெல்லிய தண்டு வடிவ லென்ஸ்களின் வரிசை; சில மில்லிமீட்டர் தள்ளி டிரம். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. விலை என்னவென்றால், கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு; டிரம்மிலிருந்து தூரம் சற்று மாறினாலும் கோடு மங்கும். ஆகவே டிரம் எங்கே அசைகிறதோ அங்கே விளக்கு வரிசையும் சேர்ந்து அசையும்படி, இரு முனைகளிலும் டிரம்மையே தொட்டுக்கொண்டிருக்கும் தாங்கிகளில் அதை ஏற்றிவைக்கிறார்கள்.

கேள்வி (ஆவணக் காப்பகப் பணியாளர்): அகல ஸ்கேனரில் பழைய நிலப்படங்களை வருடும்போது, சாய்ந்த கோடுகள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் படிக்கட்டுப் போல முறிகின்றன.

பதில்: உங்கள் ஸ்கேனரில் சிறு உணரிப் பட்டைகள் பல, செங்கல் அடுக்கியதுபோல் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையில் இருக்கின்றன என்று ஊகிக்கிறேன். ஒரே கோட்டின் ஒரு துண்டை முன்வரிசை இப்போது படிக்கிறது. அடுத்த துண்டைப் பின்வரிசை சற்று நேரம் கழித்துப் படிக்கிறது. இரு வரிசைகளுக்கிடையே 20 மில்லிமீட்டர் இருந்து, அந்தத் தூரத்தைக் கடக்கும்போது தாள் 1 விழுக்காடு வழுக்கினால், இரண்டு துண்டுகளும் 0.2 மில்லிமீட்டர் விலகிச் சேரும். நீங்கள் காணும் படிக்கட்டு அதுதான். உருளைகளை மென்மையான துணியால் துடைத்துவிட்டு, ஸ்கேனரோடு கொடுத்திருக்கும் அளவுத் தாளைக் கொண்டு இணைப்பைத் திருத்துங்கள். பழைய நிலப்படங்களில் மடிப்பு இருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும்: இவ்வகை உணரிகள் தாளை ஏறத்தாழத் தொட்டுப் படிப்பவை, மடிப்பு மேடாக நிற்கும் இடத்தில் படம் மங்கும். லென்ஸும் கேமராவும் கொண்ட பழைய வகை ஸ்கேனர்களுக்கு ஆழம் கூடுதல், ஆகவே மடிப்பை அவை பொறுத்துக்கொள்ளும், உருவம்தான் பெரிது. ஓரம் நைந்து கிழியும் நிலையில் உள்ள தாளை எந்த உருளை ஸ்கேனரிலும் விடாதீர்கள். தெளிவான பாலியெஸ்டர் உறைக்குள் வைத்து அனுப்புங்கள். அல்லது மேலிருந்து படம் பிடியுங்கள்.

கேள்வி (நகலகப் பணியாளர்): தாள் வெட்டுப்படும்போது சில இயந்திரம் நிற்கிறது, சில நிற்பதில்லை. இது எப்படி?

பதில்: சிறு வட்டக் கத்தி ஒன்று தண்டவாளத்தில் குறுக்கே ஓடி வெட்டும் வகையில், கத்தி கடக்கும் வரை தாள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு சாய்ந்துவிடும். முழு அகலத்துக்கும் நீண்ட கத்தியை ஓர் உருளையின் மீது சற்றுத் திருகலாகச் சுற்றிப் பொருத்தி, நிலையான கத்தியோடு உரசவிட்டால், கத்தரிக்கோலின் இரு தகடுகள் சேர்வதுபோல் வெட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நொடிப்பொழுதில் ஓடிவிடும். அவ்வளவு குறுகிய நேரத்துக்கு, தாளைச் சற்றே தொய்வு வளையமாகத் தேங்கவிட்டாலே போதும்; பின்னால் அச்சு நிற்க வேண்டியதில்லை.

கேள்வி (கட்டுமான அலுவலர்): மடிக்கும் இயந்திரம் ஏ0 தாளைச் சரியாக மடிக்கிறது, தாள் தடித்தால் சிக்கிக்கொள்கிறது.

பதில்: ஏ0 தாளை ஏ4 அளவுக்கு மடிக்கும்போது, முதலில் நீளவாக்கில் குறைந்தது ஆறு மடிப்புப் பகுதிகள், பிறகு குறுக்கே மூன்று, ஆக 18 அடுக்குக்குக் குறையாது. தலைப்புக் கட்டம் வலது கீழ் மூலையில் வெளியே தெரியும்படியும், கோப்பில் துளையிட ஓரம் விடும்படியும் மடிக்கும் முறையை ஜெர்மனியின் டிஐஎன் (DIN) 824 தர விதி வகுத்திருக்கிறது. பெரும்பாலான இயந்திரங்கள் அதைப் பின்பற்றுகின்றன. முதல் கட்டத்தில் உருளைகள் மாறிமாறி எதிர்த்திசையில் சுழன்று விசிறி மடிப்பைப் போட்டுவிடும், அதில் சிக்கல் இல்லை. இரண்டாம் கட்டத்தில் ஆறு தாள் தடிமனை ஒரே மடிப்பில் வளைக்க வேண்டும். உள் அடுக்கும் வெளி அடுக்கும் வெவ்வேறு தூரம் போக வேண்டியிருப்பதால் சுருக்கமும் சிக்கலும் வருகின்றன. உற்பத்தியாளர் குறித்திருக்கும் எடைக்கு மேற்பட்ட தாளைக் கையால் மடியுங்கள்.

கேள்வி (வடிவமைப்பு நிலையம் வைத்திருப்பவர்): பழைய இடத்தில் நன்றாக ஓடிய ஏ0 இயந்திரத்தைப் புதிய அறைக்கு மாற்றியது முதல் தாள் எப்போதும் இடதுபக்கம் சாய்ந்தே ஓடுகிறது. இயந்திரத்தில் எதையும் தொடவில்லை.

பதில்: இயந்திரத்தைத் தொடவில்லை என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் புதிய தரை அதைத் தொட்டிருக்கிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சட்டம் நான்கு கால்களில் நிற்கும்போது, தரை ஒரு மூலையில் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், இயந்திரத்தின் எடையே சட்டத்தை முறுக்கிவிடுகிறது. முறுக்கிய சட்டத்தில், இணையாக இருக்க வேண்டிய இரண்டு உருளைகள் இணையாக இரா. ஒரு முனையில் தாள் இறுகும், மறுமுனையில் தளரும்; இறுகிய பக்கமே தாளை இழுத்துச் செல்லும்.

நீர்மட்டப் பட்டையை இயந்திரத்தின் மேல் மூடியில் வைக்காதீர்கள், அது வெறும் தகடு. பக்கச் சட்டங்களில் இயந்திரம் செய்தவர்கள் குறித்திருக்கும் இடங்களில், அல்லது சுருள் தாங்கும் தண்டின் மேல், முதலில் வலது முனையிலும் பிறகு இடது முனையிலும் வைத்துப் பாருங்கள். முழு இயந்திரமும் ஒரே பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதால் கேடில்லை. இரு முனைகளும் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருப்பதே கேடு. நகரும் சக்கரங்களிலிருந்து எடையை எடுத்து, திருகுக் கால்களில் ஏற்றி, இரு முனைகளும் ஒத்துவரும் வரை ஒரு காலை மட்டும் ஒவ்வொரு முறையும் கால்வாசிச் சுற்றாகத் திருகுங்கள். பிறகு ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். மரத் தரையாக இருந்தால் எடைக்கு அது இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதன் பின்னும் தாள் சாய்ந்தால் மட்டும் பழுது பார்ப்பவரை அழையுங்கள்.